ஸ்கேன் செய்தாயிற்று, யார் வாசிப்பது?

1

“காப்பாற்றிவிட்டோம்” என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இப்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. பழைய ஏடு, பழைய இசைத்தட்டு, பழைய ஒலிநாடா, எதுவானாலும் கதை ஒன்றுதான். யாரோ ஒருவர் அதை ஸ்கேன் செய்து சர்வரில் ஏற்றுகிறார். மறுநாள் ஒரு மரபே காப்பாற்றப்பட்டதாகச் செய்தி வருகிறது. நாமும் இதயக்குறி போட்டு, பிடிஎஃப்பைத் தரவிறக்கி, திறக்காமலே வைத்துக்கொள்கிறோம். நான் மென்பொருள்காரன். இந்தச் சொல்லை ஊரெல்லாம் பரப்பியதில் எங்கள் கூட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஆகவே இதை வெளியாள் எழுதும் குற்றப்பத்திரிகையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இது கையும் களவுமாகப் பிடிபட்டவன் எழுதுவது.

பிடிபட்ட இடம் ஸ்காட்லாந்து. வேலை நிமித்தமாக இரண்டு வருடம் அபர்டீனில் இருந்தேன். டிசம்பரில் அங்கே மாலை மூன்றரைக்கே சூரியன் மறைந்துவிடும். ஆபீஸ் ஜன்னலில் இருட்டைப் பார்த்துக்கொண்டே இன்னும் இரண்டு மணிநேரம் வேலை செய்ய வேண்டும். அதற்கப்புறம் அறைக்குப் போய் என்ன செய்வது? அப்படித்தான் ஒரு பப்பில் ஃபிடில் வாசிப்பதைக் கேட்கப் போக ஆரம்பித்தேன். ஃபிடில் என்றால் வேறு கருவி ஏதோ என்று நினைக்க வேண்டாம், நம்ம வயலின்தான். ஆனால் தோளில் வைத்து, நாற்காலியில் உட்கார்ந்து, காலால் தரையைத் தட்டிக்கொண்டே வாசிக்கிறார்கள். ஒரு மெட்டு முடிந்ததும் நிறுத்தாமல் அடுத்ததுக்குத் தாவுகிறார்கள்.

அங்கே எனக்குப் பிடித்துப்போன வடிவம் ஸ்ட்ராத்ஸ்பே. ஸ்பே ஆற்றுப் பள்ளத்தாக்கின் பெயர் அது. நான்கு தட்டுத் தாளம், ரீலைவிட மெதுவான நடை. அதன் உயிர் ஒரு சின்ன வெட்டில் இருக்கிறது. முதல் சுரம் குட்டையாக வந்து சட்டென்று முறியும், அடுத்தது நீளமாக நிற்கும். இதை ‘ஸ்காட்ச் ஸ்னாப்’ என்கிறார்கள். வழுக்குப் பாறையில் ஒரு கால் சறுக்கி மறு காலில் ஊன்றி நிற்பதுபோல இருக்கும். கேட்டவுடன் நானும் வாசிக்க வேண்டும் என்று ஆசை வந்தது. சின்ன வயதில் மூன்று வருடம் கர்நாடக வயலின் கற்று பத்தாம் வகுப்புப் பரீட்சையைச் சாக்கிட்டு விட்டவன் நான். பழைய விரல்கள் கொஞ்சம் ஞாபகம் வைத்திருந்தன.

வாசிக்க வரவில்லை. வராததை மறைக்க, எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். நிரல் எழுதினேன்.

2

ஸ்காட்லாந்து தேசிய நூலகம் பழைய அச்சு இசைத் தொகுப்புகளை அழகாக ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புத்தகங்கள். காப்புரிமைச் சிக்கல் கிடையாது. அந்தப் பக்கங்களிலிருந்து சுரங்களைப் படித்து ‘ஏபிசி’ வடிவத்துக்கு மாற்றும் ஒரு நிரலை உருவாக்கினேன். ஏபிசி என்பது மெட்டுகளை வெறும் எழுத்துகளாலும் குறிகளாலும் எழுதும் முறை. கிறிஸ் வால்ஷா என்பவர் உருவாக்கி 1990களின் தொடக்கத்தில் இணையத்தில் பரவியது. ஒரு மெட்டு ஒரு குறுஞ்செய்தி அளவுக்குள் அடங்கிவிடும். மின்னஞ்சலில் அனுப்பலாம், தேடலாம், கணினியை வாசிக்கச் சொல்லலாம். எளிமையான, கெட்டிக்காரத்தனமான கண்டுபிடிப்பு. அதன்மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

சிக்கல் அடுத்த படியில் வந்தது. ஒரே மெட்டு ஐந்து புத்தகங்களில் ஐந்து விதமாக இருந்தது. பெயர் வேறு, சில சுரங்கள் வேறு, இரண்டாம் பகுதியே வேறு. தரவுத்தளக்காரன் மனசுக்கு இது நமைச்சல். ஒரே பொருளுக்கு ஐந்து வரிசை இருந்தால் அது ‘டூப்ளிகேட்’. நீக்கியாக வேண்டும். எனவே ஒத்த மெட்டுகளை ஒன்றாக்கினேன். சுரம் எங்கே வேறுபட்டதோ அங்கே பெரும்பான்மை எது என்று எண்ணி, ஜெயித்ததை வைத்துக்கொண்டேன். அபூர்வமாக வந்தவற்றை ‘அச்சுப்பிழையாக இருக்கலாம்’ என்று குறியிட்டு ஒதுக்கினேன். பட்டியல் சுத்தமாகிவிட்டது. எனக்கு என்னைப் பற்றிப் பெருமையாக இருந்தது.

பப்பில் மூலை நாற்காலியில் உட்காரும் ஒரு பெரியவர் இருந்தார். எண்பதை நெருங்கும் வயது. என்னை ‘லூன்’ என்று கூப்பிடுவார். அந்தப் பக்கத்துப் பேச்சில் பையன் என்று அர்த்தம், நம்மூர் ‘தம்பி’தான். மடிக்கணினியை அவர் முன்னால் வைத்து, அவருக்குப் பிடித்த ஒரு ஸ்ட்ராத்ஸ்பேயைத் தேடிக் காட்டினேன். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அப்புறம் கேட்டார்:

“நல்லாத்தான் செஞ்சிருக்க தம்பி. ஆனா எங்க மாமா எங்க?”

எனக்குப் புரியவில்லை. அடுத்த வாரம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். அவருடைய தாய்மாமா பண்ணை வேலை பார்த்தவர், களஞ்சிய நடனங்களுக்கு வாசித்தவர். பென்சிலில் எழுதிய மெட்டுகள். அந்த ஸ்ட்ராத்ஸ்பேயின் ஒரு இடத்தில், அச்சுப் புத்தகங்களில் பெரும்பாலும் ஜி ஷார்ப் இருக்கும் இடத்தில், மாமா வெறும் ஜி எழுதியிருந்தார். ஸ்காட்டிஷ் பைப்பில் ஜி ஷார்ப் கிடையாது. பைப் கேட்டு வளர்ந்த காது அந்த இடத்தில் அப்படித்தான் வாசிக்கும். நான் ஸ்கேன் செய்த புத்தகங்களில் ஒன்றிலும் அதே வெறும் ஜி இருந்தது. என் நிரல் அதைத்தான் அச்சுப்பிழை என்று தூக்கி எறிந்திருந்தது.

அதைவிட மோசமான ஒன்று இருந்தது. நான்கு புத்தகங்களிலிருந்து சுரம் சுரமாக வாக்கெடுத்து நான் தயாரித்த அந்தச் ‘சுத்தமான’ மெட்டை உலகத்தில் யாருமே என்றைக்குமே வாசித்ததில்லை. முதல் பாதி ஒருவருடையது, இரண்டாம் பாதியின் முடிவு இன்னொருவருடையது. நான் எதையும் காப்பாற்றவில்லை. இல்லாத ஒன்றை உருவாக்கி, இருந்த நான்கை மறைத்திருந்தேன். பிறகு அதற்கு ஒரு தேடுபெட்டியும் வைத்தேன்.

3

இந்த இடத்தில் சிலர் என் பக்கம் வந்து நிற்பார்கள் என்று தெரியும். “பார்த்தீங்களா, இதுக்குத்தான் சொல்றோம், மரபு இசையை எழுதவே கூடாது, காதால் கேட்டு மனசில் வாங்கணும்” என்பார்கள். அவர்களோடும் எனக்குச் சண்டை இருக்கிறது.

ஸ்காட்டிஷ் ஃபிடில் வெறும் வாய்மொழி மரபாக என்றைக்கும் இருந்ததில்லை. எடின்பராவில் ராபர்ட் பிரெம்னர் ரீல்களைத் தொகுத்து அச்சிட ஆரம்பித்தது 1757இல். பெர்த்ஷரின் இன்வர் கிராமத்தில் வாழ்ந்த நீல் கோ (1727–1807) பிரபுக்களின் மாளிகைகளில் வாசித்த மாபெரும் ஃபிடில் கலைஞர். அவர் மகன் நத்தானியல் எடின்பராவில் இசைப் பதிப்பாளர். கார்டன் பிரபுவின் மாளிகையில் ஊழியம் பார்த்த வில்லியம் மார்ஷல் (1748–1833) தன் மெட்டுகளைத் தானே புத்தகமாக்கினார். ஜேம்ஸ் ஸ்காட் ஸ்கின்னர் (1843–1927) கட்டுக்கட்டாக எழுதித் தள்ளினார். முந்நூறு வருடத்தை நெருங்கும் காலமாக இந்த இசை காகிதத்திலும் கையிலும் ஒரே நேரத்தில் வாழ்ந்துவருகிறது. பண்ணையாள் மாமாவே நோட்டுப் போட்டு எழுதியிருக்கிறார். காகிதம் வந்தால் மரபு செத்துவிடும் என்பது மரபை ஜன்னல் வழியாகப் பார்ப்பவர்களின் கற்பனை.

ஆனால் காகிதம் என்றைக்கும் அப்பாவியாகவும் இருந்ததில்லை. கோ குடும்பத்துத் தொகுப்புகளில் மார்ஷலின் மெட்டுகள் அவர் பெயர் இல்லாமல் வந்தன. ஜான் கிளென் என்ற எடின்பராக்காரர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பழைய பதிப்புகளையெல்லாம் சேகரித்து, தேதி தேதியாக ஒப்பிட்டு, எந்த மெட்டு யாருடையது என்று சண்டை போட்டார். நூலகம் இன்று இணையத்தில் வைத்திருக்கும் தொகுப்புகளில் ஒன்று அவர் சேகரித்த புத்தகங்களால் ஆனது. இதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. யார் பெயரும் அழியக்கூடாது என்று ஒரு மனிதர் ஆயுளைச் செலவழித்துச் சேர்த்த புத்தகங்களை எடுத்து, பெயர்களை அழிக்கும் நிரலை ஓட்டியிருக்கிறேன்.

இன்றைக்கு இணையத் தொகுப்புகளில் ‘இயற்றியவர்’ என்ற கட்டத்தில் அதிகம் காணப்படும் சொல் ‘மரபு’. பாதி நேரம் அது உண்மை. மீதி நேரம், தேடச் சோம்பல். 1991இல் இறந்த டாம் ஆண்டர்சனின் மெட்டுக்கு இங்கிலாந்துச் சட்டப்படி 2061 முடியும்வரை காப்புரிமை உண்டு. அதையும் ‘மரபு’ என்று போட்டால் நமக்கு வசதி, அவ்வளவுதான்.

காகிதத்தின் போதாமை ஸ்கின்னருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. ஸ்ட்ராத்ஸ்பேக்கு வில்லை எப்படி ஓட்டுவது என்று தனியாக ஒரு கையேடே எழுதினார். மேல்நோக்கி வில்லைத் தள்ளும் ஒரு வீச்சு இருக்கிறது. கீழே ஒரு குட்டைச் சுரம், பிறகு மேல்நோக்கி ஒரே தள்ளலில் மூன்று சுரம். ஸ்னாப்பின் உயிர் அந்தத் தள்ளலில் இருக்கிறது. ஏபிசியில் இதை ஒரு கோணக்குறி போட்டு எழுதுவோம். கணினி அதைக் கால் பங்கு, முக்கால் பங்கு என்று பிரித்து வாசிக்கும், ஒவ்வொரு முறையும் அச்சு அசலாக. எந்த மனிதனும் அப்படி வாசிப்பதில்லை. ஒருவர் ஸ்னாப்பை முறுக்குவார், ஒருவர் தளர்த்துவார், ஒரே ஆள் ஒரே மெட்டுக்குள்ளேயே மாற்றுவார். கமகம் தெரிந்த காதுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சுரம் எழுதிய காகிதத்தை மட்டும் பார்த்துத் தோடி பாடினால் எப்படி இருக்குமோ, மிடியில் ஒலிக்கும் ஸ்ட்ராத்ஸ்பே அப்படி இருக்கும். அதைத்தான் பெரும்பாலான தளங்களில் முதல் பொத்தானாக வைத்திருக்கிறோம். ஒரு பதினைந்து வயதுப் பெண் முதல்முறையாக அந்த மெட்டைத் தேடி வந்தால், அவள் காதில் முதலில் விழுவது அந்த டிங் டிங்.

4

சரி, ஒலிப்பதிவு இருக்கிறதே? இருக்கிறது. இங்கே நான் யாரையும் குறைசொல்லப் போவதில்லை. 1951இல் எடின்பரா பல்கலைக்கழகத்தில் ஸ்காட்டிஷ் ஆய்வுகள் பள்ளி தொடங்கியது. ஹேமிஷ் ஹெண்டர்சன், காலம் மக்ளீன் போன்றவர்கள் ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு நாடோடிகளின் கூடாரங்களுக்கும் தீவுகளுக்கும் போனார்கள். அந்த நாடாக்களும், பிபிசி ஸ்காட்லாந்தின் பதிவுகளும், கேனா தீவில் ஜான் லார்ன் காம்பெல் சேர்த்தவையும் 2010இல் ஒரு தளமாக இணையத்துக்கு வந்தன. டோபர் அன் டுவல்கிஷ் என்று பெயர். கேலிக் மொழியில் மரபின் ஊற்று என்று பொருள். பதிவு ஒவ்வொன்றிலும் பாடியவர் பெயர், ஊர், பதிவு செய்தவர் பெயர் இருக்கும். குடும்பத்தாரிடம் அனுமதி தேடிப்பிடித்து வாங்கியிருக்கிறார்கள். செய்தால் இப்படிச் செய்ய வேண்டும்.

வேலையின் அவசரமும் பொய்யில்லை. 1950களின் அசிடேட் நாடா கெட்டுப்போகத் தொடங்கினால் வினிகர் வாசம் வரும். 1970களின் நாடாக்களில் பசை ஈரம் வாங்கி ஒட்டிக்கொள்ளும். ஏறத்தாழ 50 டிகிரியில் மணிக்கணக்காகச் சூடுபடுத்தி, அந்தக் கொஞ்ச நாள் அவகாசத்துக்குள் ஓட்டிப் பிரதி எடுக்க வேண்டும். தாமதித்தால் போயிற்று. எனவே ‘டிஜிட்டல் ஆக்கவே வேண்டாம்’ என்பவர்கள் என் கட்டுரையை மேற்கோள் காட்டாமல் இருந்தால் நன்றி உடையவனாவேன்.

நான் கேட்பது அடுத்த கேள்வி. பிரதி எடுத்தாயிற்று. அப்புறம்?

கேப் பிரெட்டன் என்று கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஒரு தீவு. ஹைலாண்ட்ஸ் பகுதியிலிருந்து நிலம் இழந்தும் பஞ்சம் பிழைக்கவும் கப்பலேறிய மக்கள் அங்கே குடியேறினார்கள். ஃபிடிலும் கூடப் போயிற்று. 1970களின் தொடக்கத்தில் கனடாவின் பொது ஒளிபரப்பு நிறுவனம் ஓர் ஆவணப்படம் எடுத்தது. கேப் பிரெட்டன் ஃபிடில் கலைஞர் மறைந்துகொண்டிருக்கிறார் என்பது அதன் தலைப்பின் சாரம். ஊர் கொதித்தது. “நாங்களா மறையிறோம்?” என்று கிளம்பினார்கள். பாதிரியாரும் சேர்ந்துகொண்டார். 1973இல் கிளென்டேல் என்ற சிற்றூரில் நூற்றுக்கும் மேற்பட்ட ஃபிடில்காரர்கள் ஒன்றாக மேடையேறினார்கள். ஃபிடில் சங்கம் உருவானது, பிள்ளைகளுக்கு வகுப்புகள் தொடங்கின. பின்னாளில் அலஸ்டர் ஃப்ரேசர் போன்றவர்கள் வழியாக அந்தத் தீவின் நடனமும் நடையும் ஸ்காட்லாந்துக்கே திரும்பி வந்தன. அந்த ஊரைக் காப்பாற்றியது எந்தக் களஞ்சியமும் இல்லை. ரோஷமும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பும்தான்.

ஷெட்லாண்ட் தீவுகளில் டாம் ஆண்டர்சன் இன்னும் தெளிவான உதாரணம். காப்பீட்டு முகவராக வீடுவீடாகப் போனவர். போன இடத்திலெல்லாம் மெட்டுகளைச் சேகரித்தார். பிறந்த ஊரான எஷனெஸ்ஸில் வீடுகளின் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்துபோனதைப் பார்த்து 1969இல் ‘அணைந்த விளக்கு’ என்று பொருள்படும் பெயரில் ஒரு மெட்டு செய்தார். இன்று உலகமெங்கும் வாசிக்கிறார்கள். ஆனால் அவர் சேகரிப்போடு நிற்கவில்லை. 1970களில் தீவின் பள்ளிகளுக்குள் ஃபிடிலைக் கொண்டுபோய், பிள்ளைகளுக்குத் தானே சொல்லிக்கொடுத்தார். அவரிடம் கற்றவர்களும், கற்றவர்களிடம் கற்றவர்களும் இன்று மேடைகளில் இருக்கிறார்கள். நாடாக்களை அலமாரியில் பூட்டிவைத்துவிட்டு ‘காப்பாற்றிவிட்டேன்’ என்று அவர் சொல்லியிருந்தால், ஷெட்லாண்ட் ஃபிடில் இன்று நல்ல ஒலித்தரத்தில் ஒரு கோப்பாக இருந்திருக்கும்.

நம் ஊர்க் கதையும் ஒன்று இதில் இருக்கிறது. முத்துசுவாமி தீட்சிதரின் நொட்டுஸ்வரப் பாடல்கள் மேற்கத்திய மெட்டுகளில் அமைந்தவை. கிழக்கிந்தியக் கம்பெனி பேண்டுகளிலிருந்து அந்த மெட்டுகள் அவர் காதுக்கு வந்திருக்க வேண்டும். அவற்றில் ‘வரசிவபாலம்’ என்ற பாட்டின் மெட்டு ‘லார்ட் மக்டொனால்ட்ஸ் ரீல்’ என்ற ஸ்காட்டிஷ் மெட்டு என்று ஆய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். அவர் தம்பி பாலுசுவாமி மேற்கத்திய வயலின் கற்று அதை நம் இசைக்குள் கொண்டுவந்தவர்களில் முன்னோடி. ஹைலாண்ட்ஸின் ஒரு ரீல் கப்பலேறி, கோட்டையில் ஒலித்து, சமஸ்கிருதம் உடுத்திக்கொண்டு இருநூறு வருடமாக நம் பிள்ளைகள் வாயில் பாட்டாக இருக்கிறது. யாரோ வாசித்தார்கள், யாரோ கேட்டார்கள், கேட்டவர் திரும்ப வாசித்தார். அது போதுமாக இருந்தது.

5

இதையெல்லாம் பெங்களூரில் இருக்கும் என் கல்லூரி நண்பனிடம் சொன்னேன். அவன் செயற்கை நுண்ணறிவுத் துறையில் இருக்கிறான்.

“டேய், நீ இன்னும் ரெண்டாயிரத்து அஞ்சுல இருக்க. வாசிக்க ஆள் எதுக்கு? டேட்டா இருந்தா போதும். மாடல் வாசிக்கும், ஸ்னாப்பையும் கத்துக்கும்.”

அவன் சொன்னதில் பாதி ஏற்கெனவே நடந்துவிட்டது. அயர்லாந்து மரபு மெட்டுகளை ஆர்வலர்கள் ஏபிசியில் தட்டச்சு செய்து சேர்த்த ஓர் இணையத் தொகுப்பிலிருந்து 23,000க்கும் மேற்பட்ட மெட்டுகளை எடுத்து, 2015இல் பாப் ஸ்டர்மும் அவர் கூட்டாளிகளும் ஒரு நரம்பியல் வலைப்பின்னலைப் பயிற்றுவித்தார்கள். அது புதிது புதிதாக மெட்டுகளைக் கொட்டியது. அந்த ஆய்வாளர்களை நான் மதிக்கிறேன். அதை வாசிப்பவர்களிடம் கொண்டுபோய்க் கேட்டார்கள், அதன் அறச்சிக்கல்களை வெளிப்படையாக விவாதித்தார்கள். நண்பனைப் போன்றவர்கள் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம்தான் கோளாறு.

மாடல் ஸ்னாப்பைக் கற்கலாம். நாளைக்கே கற்கட்டும். ஒரு களஞ்சிய நடனத்தில் ஆடுபவர்கள் களைத்துவிட்டார்கள் என்று பார்த்து வேகத்தைக் குறைப்பவர் யார்? பக்கத்தில் இருப்பவர் தடுமாறும்போது மெட்டைச் சத்தமாகப் பிடித்துக்கொடுப்பவர் யார்? “உங்க மாமா இப்படி வாசிப்பார், நான் அப்படி வாசிக்க மாட்டேன்” என்று முப்பது வருடம் சண்டை போடுபவர் யார்? அந்தச் சண்டைதான் மரபு. என் நிரல் பெரும்பான்மை வாக்கெடுத்துத் தீர்த்துவைத்ததும் அதே சண்டையைத்தான்.

இன்னொரு எதிர்வாதம் இதைவிட நியாயமானது. “உனக்கென்ன, அபர்டீனுக்குப் போய்க் கற்றுக்கொண்டாய். போகமுடியாதவனுக்கு இணையம்தானே வழி?” உண்மை. நானே இப்போது சென்னையில் உட்கார்ந்து இணையத்தில்தான் கேட்கிறேன். பணக்கார வீட்டு அலமாரியில் இருந்த புத்தகம் எல்லோர் கைபேசிக்கும் வந்தது பெரிய விடுதலை. அதில் ஒரு துளியைக்கூட நான் திருப்பிக்கொடுக்கச் சொல்லவில்லை. ஆனால் கணக்கை முழுசாகப் போடுங்கள். ஸ்காட்லாந்திலேயே பல ஆண்டுகள், அரசுப் பள்ளிகளில் வாத்தியம் கற்கக் கட்டணம் வசூலித்தார்கள். ஒரு கவுன்சிலில் ஆண்டுக்கு 500 பவுண்டுக்கு மேல் போனது. மெட்டு இலவசம், மெட்டை வாசிக்கக் கற்பது 500 பவுண்டு. 2021இல் பெற்றோரும் ஆசிரியர்களும் கொடுத்த நெருக்கடிக்குப் பின் அரசு அந்தக் கட்டணத்தை நீக்கியது. என்னைக் கேட்டால், ஸ்காட்டிஷ் ஃபிடிலுக்கு அந்த ஆண்டில் நடந்த மிகப் பெரிய ‘திறந்த அணுகல்’ அதுதான். அதற்கு எந்தச் சர்வரும் தேவைப்படவில்லை.

6

பெரியவரின் நோட்டுக்கு வருகிறேன். அதைப் பக்கம் பக்கமாகப் படமெடுக்க அனுமதித்தார். எடுத்து முடித்ததும், இணையத்தில் ஏற்றலாமா என்று கேட்டேன். உடனே பதில் சொல்லவில்லை. வெளியே வந்து கோட்டைப் போட்டுக்கொண்டே சொன்னார்:

“வாசிக்கிறவன் கேட்டா குடு. சேத்து வெக்கிறவன் கேட்டா குடுக்காத.”

இந்தக் கட்டளையை ஒரு மென்பொருளில் எப்படிச் செயல்படுத்துவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. எல்லோருக்கும் திற, அல்லது எல்லோருக்கும் மூடு. எங்களுக்குத் தெரிந்த பொத்தான்கள் இரண்டுதான். ஏற்றவில்லை என்பதால் நான் அறிவுப் பொதுவுடைமைக்கு எதிரி என்று ஒரு நண்பர் சண்டை போட்டார். இருக்கட்டும். நூலகத்தில் இருக்கும் அச்சுப் புத்தகம் எல்லோருக்கும் சொந்தம். ஒரு குடும்பத்துப் பென்சில் நோட்டு, அந்தக் குடும்பம் சரி என்று சொல்லும்வரை, அவர்களுக்குச் சொந்தம். ‘தகவல் விடுதலைக்கு ஏங்குகிறது’ என்ற எங்கள் துறைப் பல்லவியை அந்தக் கிழவர் முகத்தைப் பார்த்து என்னால் பாட முடியாது. இதுவரை இரண்டு பேர் வாசிக்க வேண்டும் என்று கேட்டார்கள். இருவருக்கும் அனுப்பினேன்.

என் நிரலை மாற்றி எழுதிவிட்டேன். ஒன்றாக்கிய மெட்டுகளைப் பிரித்தேன். அதற்கு, ஒன்றாக்கியதைவிட நான்கு மடங்கு நேரம் பிடித்தது. இப்போது ஒரு மெட்டைத் தேடினால் ஐந்து வடிவமும் பக்கத்தில் பக்கத்தில் வரும். ஒவ்வொன்றிலும் புத்தகம், ஆண்டு, எழுதியவர் பெயர். வேறுபடும் சுரங்களுக்கு நிறம் போட்டிருக்கிறேன், ‘பிழை’ என்ற சொல்லை எடுத்துவிட்டேன். மனிதர் வாசித்த பதிவு எங்கே சட்டப்படி கேட்கக் கிடைக்கிறதோ, அந்த இணைப்பு முதலில் வரும். மிடி பொத்தான் பக்கத்தின் அடியில். அசிங்கமான பக்கம். என் சக ஊழியர் பார்த்துவிட்டு “என்னடா இது, குப்பைத்தொட்டி மாதிரி இருக்கு” என்றார். இருக்கலாம்.

இனி இந்த வேலையில் இறங்கும் என் துறைத் தம்பி தங்கைகளுக்கு நேரடியாகவே சொல்கிறேன். வேறுபாட்டை டூப்ளிகேட் என்று அழைக்காதீர்கள். பெயர் தெரியாவிட்டால் ‘தெரியவில்லை’ என்று எழுதுங்கள், ‘மரபு’ என்று மழுப்பாதீர்கள். உயிரோடு இருப்பவரிடமிருந்து எடுத்தால் அவரைக் கேளுங்கள், இல்லாதவராயின் அவர் வீட்டைக் கேளுங்கள். திட்டத்துக்குப் பணம் கேட்டு விண்ணப்பம் எழுதும்போது, ஸ்கேனருக்கும் சர்வருக்கும் ஒதுக்கும் அதே அளவை ஒரு ஆசிரியரின் சம்பளத்துக்கும் ஒதுக்குங்கள். ஒதுக்க முடியாவிட்டால், அறிக்கையில் ‘பிரதி எடுத்தோம்’ என்று மட்டும் எழுதுங்கள். ‘காப்பாற்றினோம்’ என்று எழுதாதீர்கள்.

பெரியவருக்கு இப்போது விரல் மூட்டுகள் ஒத்துழைப்பதில்லை. ஃபிடிலைத் தொட்டு ஒரு வருடம் ஆகிறது. அவர் வாசித்ததில் என் கைபேசியில் நாற்பது நிமிடப் பதிவு இருக்கிறது. மூன்று இடங்களில் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன், அது என் தொழில் புத்தி. ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோ அழைப்பில் அவருக்கு மாமாவின் ஸ்ட்ராத்ஸ்பேயை வாசித்துக் காட்டுகிறேன். வெறும் ஜி சரியாக வருகிறது. மேல்நோக்கித் தள்ளும் வில் வருவதில்லை. போன வாரமும் வரவில்லை.

“திரும்ப வாசி” என்றார்.